15 பாகை: பூமியின் சராசரி வெப்பநிலை எப்படி, ஏன் மாறுகிறது?

திருகோணமலையில் கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸை எட்டுவது வழக்கம். தை மாத விடியற்காலையில் அதே ஊரில் 24 பாகைக்குக் கிட்ட நிற்கும். ஆண்டு முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏறத்தாழ 28 பாகை வரும். இந்த ஊரில் இருந்துகொண்டு, பூமியின் சராசரி வெப்பநிலை ஒன்றரைப் பாகையளவு கூடிவிட்டது என்ற செய்தியைக் கேட்பவருக்கு, இதற்கா இத்தனை மாநாடு, இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. காலை ஏழு மணிக்கும் மதியத்துக்கும் இடையிலேயே அதைவிடப் பல மடங்கு சூடேறுவதை அவர் நாள்தோறும் அனுபவிக்கிறார்.

ஐயம் நியாயமானதுதான். ஆனால் ஊரின் சூடும் பூமியின் சராசரியும் வெவ்வேறு காரணங்களால் மாறுபவை. கச்சானையே எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்தபின் மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று, இறங்க இறங்க அமுக்கப்பட்டுச் சூடேறி, வறண்டு நம்மிடம் வந்து சேர்கிறது. நாம் விசிறியைத் தேடும் அதே நேரத்தில் இரத்தினபுரியில் குடை பிடித்துக்கொண்டிருப்பார்கள். காற்றும் மழையும் நீரோட்டமும் இப்படி வெப்பத்தை எவ்வளவுதான் இடம் மாற்றிப் போட்டாலும், பூமி முழுவதற்குமான கணக்கு நீண்ட காலத்துக்கு அசையாது. அது அசைய வேண்டுமானால் சூரியனிடமிருந்து பூமி உட்கொள்ளும் வெப்பம் மாற வேண்டும். இல்லாவிட்டால் பூமி விண்வெளிக்குத் திருப்பி அனுப்பும் வெப்பம் மாற வேண்டும். வேறு வழி கிடையாது.

காரணங்களுக்குப் போகுமுன், இந்தச் சராசரியை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. பலருக்குச் சந்தேகம் பிறப்பதே அங்கேதான்.

வானிலை அவதான நிலையங்களில் வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு மரப்பெட்டியைக் கால்கள் மேல் நிறுத்தியிருப்பார்கள். அதன் பக்கங்கள் எல்லாம் சாய்வான பலகைச் சட்டங்கள். காற்றுத் தாராளமாகப் புகுந்து போகும், வெயில் மட்டும் உள்ளே விழாது. வெப்பமானி அதற்குள்ளே, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கும். வெயிலில் தொங்கவிட்ட வெப்பமானி தன் சொந்தச் சூட்டைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது காற்றின் சூடு. முற்றத்துச் சுவரில் மாட்டியது 40 காட்டிய நாளில் வானிலை அறிக்கை 35 என்று சொன்னால், அறிக்கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, திருகோணமலையின் 28 பாகையையும் நுவரெலியாவின் 16 பாகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இலங்கையின் சராசரி கிடைத்துவிடுமா? கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம்! அதனால் ஆய்வாளர்கள் வேறொரு தந்திரம் செய்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அந்த மாதத்தின் வழக்கமான வெப்பநிலையை, பொதுவாக முப்பது ஆண்டுச் சராசரியாக, முதலில் கணித்துக்கொள்கிறார்கள். பிறகு இந்த ஆண்டு அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மலையும் கரையும் தம்முள் பன்னிரண்டு பாகை வேறுபட்டாலும், ஒரு மாதம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் பெரும்பாலும் இரண்டிலும் அது தெரியும். இந்த விலகல்களை உலகம் முழுவதற்கும் பரப்பளவின்படி சராசரி எடுக்கிறார்கள்.

எந்தக் காலத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் நிறுவனக் கணக்கில் அவ்வாண்டின் உலகச் சராசரி 15.10 பாகை. 1991–2020 காலத்தோடு ஒப்பிட்டால் அது 0.72 பாகை அதிகம். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 1.60 பாகை அதிகம். நாசா 1951–1980 காலத்தை அடிப்படையாகக் கொள்வதால் 1.28 என்கிறது. மூன்றும் சரி. ஒரு செய்தியில் ஓர் எண்ணையும் மறு செய்தியில் இன்னோர் எண்ணையும் பார்த்து, இவர்களுக்கே கணக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் அடிப்படை ஆண்டுகளைப் பார்ப்பதில்லை.

பூமியின் மேற்பரப்பில் 70 சதவீதத்துக்கு மேல் கடல். அங்கே மரப்பெட்டிக்கு இடமேது? கப்பல்கள்தான் அளந்தன. பழைய நாட்களில் கித்தான் வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, நீரை மொண்டு மேலே இழுத்து, அதற்குள் வெப்பமானியை வைத்துப் படித்தார்கள். வாளி மேலே வரும் சில நிமிடங்களில் ஈரக் கித்தானிலிருந்து நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரைச் சற்றுக் குளிரவைத்துவிடும். பிற்காலத்தில் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் நீரைக் குழாயிலேயே அளந்தார்கள்; இயந்திர அறையின் சூட்டால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

இந்தச் சிறு வேறுபாட்டில் இரண்டாம் உலகப்போர் வந்து மூக்கை நுழைத்தது. போர்க்காலத்தில் பதிவான கடல் அளவீடுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவை குழாய் முறையைப் பின்பற்றின. 1945 ஓகஸ்டில் போர் முடிந்ததும் அமெரிக்கப் பதிவுகள் சட்டென்று குறைந்து, வாளி முறையைப் பின்பற்றிய பிரித்தானியக் கப்பல்களின் பங்கு கூடியது. விளைவு, உலகச் சராசரி ஒரேயடியாக 0.3 பாகையளவு விழுந்தது போன்ற தோற்றம். இந்தப் பிசகை 2008இல்தான் ஆய்வாளர்கள் தெளிவாகக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த நம்முடைய துறைமுகத்தையும், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களையும் பார்க்கும்போது எனக்கு இந்த வாளிக் கதைதான் நினைவுக்கு வரும். பழைய பதிவுகளைத் திருத்துகிறார்கள் என்றால் அது மோசடி என்று கூவுகிறவர்கள் உண்டு. வாளியையும் குழாயையும் ஒன்றாகக் கலந்து விட்டுவிடுவதுதான் உண்மையில் மோசடியாக இருக்கும். இன்று அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. ஆர்கோ எனப்படும் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் உலகக் கடல்களில் 2,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி ஏறி அளந்துகொண்டிருக்கின்றன.

சரி, அந்த 15 பாகை எங்கிருந்து வருகிறது?

பூமியை வந்தடையும் சூரிய ஆற்றலைப் பகல், இரவு, துருவம், நடுக்கோடு எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 340 வாற்று. இதில் 30 சதவீதத்தை மேகங்களும் பனியும் மணலும் தெறிக்கவிட்டுவிடுகின்றன. மிச்சம் 240 வாற்றை நிலமும் கடலும் காற்றும் உட்கொள்கின்றன. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிராக வெப்பத்தை வெளிவிடும். சூடு கூடக் கூட வெளிவிடுவதும் கூடும். பூமியும் அப்படித்தான். உள்ளே வருவதும் வெளியே போவதும் 240இல் சமப்படும்போது வெப்பநிலை நிலைகொள்கிறது. இந்தச் சமநிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பூமியின் மேற்பரப்பு மறை 18 பாகையில், உறைந்து கிடக்க வேண்டும். ஆனால் அது 15 பாகையில் இருக்கிறது. இடையிலுள்ள 33 பாகையைத் தருவது வளிமண்டலம்.

எப்படி என்பதற்குக் கந்தளாய்க் குளத்தைப் பாருங்கள். குளத்துக்குள் ஒரே அளவாக நீர் வந்துகொண்டிருக்கிறது. துருசு (மதகு) வழியாக அதே அளவு நீர் வெளியே போகிறது. நீர்மட்டம் அசையாமல் நிற்கிறது. இப்போது வருகிற நீரைத் தொடாமல் துருசின் கதவை மட்டும் சற்று இறக்கிவிடுங்கள். வெளியேற்றம் குறைய, மட்டம் ஏறத் தொடங்கும். மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடி, ஒடுங்கிய வழியினூடாகவும் நீர் வேகமாகப் பாயும். வரவும் செலவும் மறுபடி சமமாகும்போது ஏற்றம் நிற்கும். ஆனால் குளம் முன்னைவிட உயர்ந்த மட்டத்தில் இருக்கும். நீர்மட்டம்தான் பூமியின் வெப்பநிலை. துருசின் கதவு, வளிமண்டலத்திலுள்ள சில வாயுக்கள். குளம் நிறையக் காலம் எடுப்பதுபோல், கதவு இறங்கியதற்கும் மட்டம் முழுதாக ஏறி முடிவதற்கும் இடையில் பல பத்தாண்டுகள் செல்லும் என்பதையும் இந்தக் குளம் காட்டிவிடுகிறது.

அந்த வாயுக்களைக் கண்டுபிடித்த கதை பழையது. 1856இல் அமெரிக்கரான யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். காபனீரொட்சைட்டு இருந்த குழாய் மற்றவற்றைவிடச் சூடேறியது. ஆறவும் நேரம் எடுத்தது. இந்த வாயு காற்றில் கூடியிருந்தால் பூமியும் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதினார். 1859இல் ஜோன் டிண்டல் வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதைத் தனித்தனியாக அளந்தார். காற்றில் 99 சதவீதமாக உள்ள நைதரசனும் ஒட்சிசனும் வெப்பக் கதிரை ஏறத்தாழ அப்படியே போகவிடுகின்றன. நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்றவைதான் அதை உறிஞ்சி ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பி விடுகின்றன. 1896இல் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ், காபனீரொட்சைட்டு இரட்டித்தால் பூமி எத்தனை பாகை சூடேறும் என்று கையாலேயே கணக்குப் போட்டு 5, 6 பாகை என்றார். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 3 பாகை. கணினி இல்லாத காலத்துக் கணக்கு என்பதை நினைத்தால் மோசமில்லை.

கன்னியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே விடை சொல்ல வேண்டும்: நிலத்துக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறதே, பூமி உள்ளிருந்துதானே சூடாகிறது? ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறு; இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்தி உண்டாக்கினான் என்பது ஐதிகம். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருவதுதான் கன்னியா. பூமியின் உள்ளே வெப்பம் இருப்பது உண்மை. ஆனால் அது மேற்பரப்புக்குக் கசிந்து வருவது சதுர மீற்றருக்குச் சராசரி 0.1 வாற்றுக்கும் குறைவு. சூரியனிடமிருந்து உட்கொள்ளும் 240 வாற்றுக்குப் பக்கத்தில் அதைக் கணக்கிலேயே சேர்க்கத் தேவையில்லை.

ஆக, பூமியின் சராசரி காலந்தோறும் மாறியதற்கெல்லாம் காரணம் வரவிலோ செலவிலோதான் இருக்கிறது. மிக மெதுவானது பூமியின் சுற்றுப்பாதை. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுக்கு ஒருமுறை 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையில் ஆடுகிறது. சுற்றுப்பாதையின் வட்டம் ஏறத்தாழ 100,000 ஆண்டுச் சுழற்சியில் நீண்டும் சுருங்கியும் வருகிறது. வடதுருவப் பக்கத்தில் கோடை வெயில் குறைந்தால் பனி முழுதாக உருகாமல் ஆண்டுதோறும் சேரும். வெண்பனி மேலும் வெயிலைத் தெறிக்கவிடும். குளிர்ந்த கடல் காபனீரொட்சைட்டைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். சிறு தள்ளல் இப்படிப் பெரிதாகும். சேர்பிய அறிஞர் மிலான்கோவிச் இந்தக் கணக்கை விரிவாகப் போட்டார்.

கடைசிப் பனியுகத்தின் உச்சம் ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது பூமியின் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 5, 6 பாகைதான் குறைவு. அந்த 5, 6 பாகையில் கனடா ஏறத்தாழ முழுவதும் கிலோமீற்றர் கணக்கான தடிப்பில் பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. அவ்வளவு நீரும் பனியாக நிலத்தில் தேங்கியதால் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இறங்கியது. பாக்கு நீரிணை இருந்த இடம் தரை. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். இன்று கப்பல்கள் நங்கூரமிடும் நம் உள்துறைமுகத்தின் அடித்தளமும் காய்ந்த பள்ளமாகத்தான் இருந்திருக்கும். கொட்டியாரக் குடாவுக்குள் நுழையும் ஆழ்கடல் பள்ளத்தாக்கில் மட்டும் கடல் நின்றிருக்கும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை அன்று கடலோரப் பாறையாக இல்லாமல் மிக உயரத்தில், வெகு கீழே அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அன்றும் இந்தத் தீவில் மனிதர் வாழ்ந்தார்கள். உலகச் சராசரியில் ஒரு பாகை என்பது எவ்வளவு கனமானது என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்தக் குளிரிலிருந்து மீண்டு வரப் பூமி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

விரைவான காரணங்களும் உண்டு. 1991 யூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, கந்தகவீரொட்சைட்டை, மழைமேகங்களுக்கு மேலேயுள்ள படைமண்டலம் வரை வீசியது. அதிலிருந்து உருவான நுண்துளிகள் வெயிலைத் தெறிக்கவிட்டதில் உலகச் சராசரி ஏறத்தாழ அரைப் பாகை விழுந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. சூரியனும் 11 ஆண்டுச் சுழற்சியில் மாறுகிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் 0.1 சதவீதந்தான். எல் நினோ வேறு ரகம். அது வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை. பசிபிக் கடல் தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை மேற்பரப்புக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. உலகச் சராசரி ஓரிரு ஆண்டுகளுக்கு 0.1, 0.2 பாகை எகிறும், பிறகு இறங்கும். 2023–24இல் நடந்ததில் அதற்கும் பங்குண்டு. வரைபடத்தில் கோடு பல்லுப் பல்லாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான். பல்லைப் பார்த்து வெப்பமாதல் நின்றுவிட்டது என்பதும், எகிறிவிட்டது என்பதும் வீண் பேச்சு.

கடந்த ஒன்றரை நூற்றாண்டின் ஏற்றத்துக்கு இவை எவையும் பொருந்தவில்லை. சுற்றுப்பாதை கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாகப் பூமியை மெல்லக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. சூரியன் 1980களுக்குப் பின் கூடவே இல்லை. மாறியது துருசின் கதவு. அந்தாட்டிக்கப் பனிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தால், 800,000 ஆண்டுகளாகக் காபனீரொட்சைட்டு மில்லியனில் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஊசலாடியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 280. சார்ள்ஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

அது நம்முடைய நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வந்ததுதான் என்பதற்கு என்ன சான்று? செடிகொடிகள் கனம் குறைந்த காபனையே விரும்பி எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களின் எச்சம் என்பதால் அவற்றிலும் அதே குணம்; அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள காபனின் கலப்பும் அந்தப் பக்கமே சாய்ந்து வருகிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் காபனீரொட்சைட்டு மனிதர் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். கதவு இறங்கியதுதான் காரணம் என்றால் கீழ்ப்பகுதி சூடேற, மேலே படைமண்டலம் குளிர வேண்டும். 1967இலேயே சியுகுரோ மனாபே தன் கணிப்பில் இதைச் சொன்னார். பிறகு பலூன்களும் செய்மதிகளும் அளந்தபோது அப்படியே இருந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கூடிய வெப்பம் எல்லாம் காற்றிலேயே தங்கிவிடுவதில்லை. 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. கடலின் மேற்பகுதியில் வெறும் மூன்று மீற்றர் ஆழ நீரே வளிமண்டலம் முழுவதற்கும் ஈடான வெப்பத்தைத் தாங்கக்கூடியது. அதனால்தான் 2011–2020 காலத்தில் உலகச் சராசரி ஏற்றம் 1.09 பாகையாக இருந்தபோது நிலத்தில் 1.59, கடலில் 0.88 என்று பிரிந்து நின்றது. கடல் குறைவாகச் சூடேறுவது கரையோர ஊர்களுக்கு ஆறுதல் போலத் தோன்றும். ஆனால் சூடேறும் நீர் விரிவடைகிறது. பனிப்பாளங்கள் உருகிய நீரும் சேர, 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஏறிவிட்டது. புறாமலைத் தீவைச் சுற்றியுள்ளவை போன்ற முருகைக்கற்கள் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலான சூட்டில் சில வாரங்கள் கிடந்தாலே நிறமிழந்து வெளுக்கக்கூடும். கடலில் ஒரு பாகை அவ்வளவு பெரியது.

நாளைக்கே எல்லா நாடுகளும் எரிப்பதை நிறுத்திவிட்டால் பூமி பழைய நிலைக்கு ஆறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆறாது. காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி காற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். கடலும் காடும் மெல்ல உறிஞ்சுவதால் ஏற்றம் ஏறத்தாழ அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதுதான் இன்றைய கணிப்பு. இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். எரிக்கும் ஒவ்வொரு தொன்னும் நீண்ட காலத்துக்கு மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போகிறது. சம்பூரில் கட்டவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டபோது நடந்த வாதங்களில் சாம்பலும் கடல் நீரும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கணக்குப் பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

மெதேனின் கணக்கு வேறு. அது காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைக்கும். ஆனால் இருக்கும் காலத்தில் காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வலுவாக வெப்பத்தைப் பிடிக்கும். அதைக் குறைத்தால் பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரியும். எரிவாயுக் கசிவு, கால்நடை, குப்பைமேடு இவற்றோடு நீர் கட்டி நிற்கும் வயலும் அதன் ஊற்று. ஒட்சிசன் புகாத சேற்றில் வைக்கோல் அழுகும்போது நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. தம்பலகாமத்து வயல்களிலும் இதுவே நடக்கிறது. வயலில் எப்போதும் நீர் கட்டி வைக்காமல், இடையிடையே மண் தெரியக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் மெதேன் கணிசமாகக் குறைகிறது, நீரும் மிச்சம், ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை என்று பல நாட்டு வயல்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் காயவிட்ட வயலுக்குக் கேட்ட நாளில் தண்ணீர் வந்து சேர வேண்டும். முறை வைத்து நீர் விடும் வாய்க்காலின் கடைசி வயல்காரர், வந்த நீரைக் கட்டி வைக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.